பொங்கி வழிந்த பேல் ஏல்: பாட்டிலில் அடைத்த நாளில் நடந்த தவறு, ஒரு நிகழ்வு ஆய்வு

வீட்டில் காய்ச்சிய பீர் கெட்டுப்போனால் அதைத் தொட்டியில் கொட்டிவிட்டு, அடுத்த தடவை இன்னும் நன்றாகக் கழுவ வேண்டும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வதுதான் பலரின் வழக்கம். கொட்டிவிடுவதால்தான் அதே கோளாறு மறுபடியும் வருகிறது. கெட்ட பாட்டில்கள்தாம் நமக்குக் கிடைக்கும் சாட்சி. எவை கெட்டன, எந்த வரிசையில் கெட்டன, எத்தனை வாரத்தில் கெட்டன என்று பொறுமையாகப் பார்த்தால், கிருமி நுழைந்த இடத்தை விரல் வைத்துக் காட்டிவிட முடியும். அப்படிக் கண்டுபிடித்த ஒரு நிகழ்வை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

இடம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லண்ட் நகரம். காய்ச்சியவர் என் நண்பர். ஜிம்மி கார்ட்டர் 1978-இல் கையெழுத்திட்ட சட்டம், வீட்டுத் தேவைக்கு வரியில்லாமல் பீர் காய்ச்சிக்கொள்ள அங்கே வழிவிட்டது. வயதுவந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன் என்பது வரம்பு. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதால், சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வாழும் வாசகர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நடந்தது

நண்பர் காய்ச்சியது 19 லிட்டர் அமெரிக்கப் பேல் ஏல் என்ற பீர் வகை. தொடக்கத்தில், அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.054 காட்டியது. நொதித்தல் ஓய்ந்தபோது 1.012. மூன்று நாள் இடைவெளி விட்டு மறுபடி அளந்தபோதும் அதே 1.012. ஆகவே, சர்க்கரையைத் தின்று சாராயமாகவும் வாயுவாகவும் மாற்றும் ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்பே அவசரப்பட்டு அடைத்துவிட்டார் என்று சொல்ல இடமில்லை. பாட்டிலுக்குள் வாயு உண்டாவதற்காக 120 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரையைத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, பாட்டிலிங் வாளியில் ஊற்றி, அதன்மேல் பீரை டியூப் வழியாகச் சலசலப்பில்லாமல் இறக்கினார். வாளியின் அடிப்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் உண்டு. அதில் நிரப்பும் குழலைச் செருகி 48 பாட்டில்களை நிரப்பி மூடினார்.

பாட்டில்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாக நான்கு அட்டைப் பெட்டிகளில் வைத்தார். நிரப்பிய வரிசையிலேயே அடுக்கி, பெட்டிகளின்மேல் 1 முதல் 4 வரை எண் எழுதினார். அந்த எண்கள் இல்லையென்றால் இந்த ஆய்வுக்கே வழி இருந்திருக்காது. பாட்டிலில் அடைப்பவர்கள் எல்லாரும் பிடித்துக்கொள்ள வேண்டிய பழக்கம் இது. மூடியின்மேல் பேனாவால் எண் போட்டால் இன்னும் நல்லது.

இரண்டாம் வாரத்தில் திறந்தவை அருமையாக இருந்தன. கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவின் மணம் தூக்கலாக, நுரை அளவாக, எந்தக் குறையும் சொல்ல முடியாத பீர். ஐந்தாம் வாரத்தில் முதல் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு பாட்டில், மூடியை நெம்பிய உடனே பொங்கி, பாதிக்கு மேல் மேசையில் வழிந்தது. அடுத்த வாரம் அதே பெட்டியில் ஒரு பாட்டில் யாரும் தொடாமலேயே கார் நிறுத்தும் கொட்டகையில் வெடித்தது. கண்ணாடித் துண்டுகள் அட்டையைக் கிழித்துக்கொண்டு எதிர்ச்சுவர் வரை சிதறிக் கிடந்தன. அப்போது அங்கே யாரும் இல்லை.

எனவே முதலில் பாதுகாப்பு. இந்த வகைப் பீரைக் குடித்ததால் யாருக்கும் நோய் வந்துவிடாது. சாராயச் சத்து, புளிப்பு, ஹாப்ஸ் கசப்பு, ஆக்சிஜன் இல்லாத நிலை ஆகிய நான்கும் சேர்ந்து நோய்க்கிருமிகளை வளரவிடுவதில்லை. ஆபத்து கண்ணாடியில்தான் இருக்கிறது. வெடித்த செய்தி வந்ததும் நான் அவரிடம் சொன்னது, "பெட்டியைத் திறக்க வேண்டாம். கெட்டிப் போர்வையைப் போட்டு மூடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள்" என்பதுதான். குளிரில் கரியமில வாயு பீருக்குள் கரைந்து கிடக்கும். 20 டிகிரியில் இருக்கும் அழுத்தம், 4 டிகிரிக்கு வரும்போது ஏறத்தாழப் பாதியாகிவிடும். குளிரவைக்காமல் பொங்கும் பாட்டிலைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தவறான சந்தேகங்கள்

நண்பருக்கு முதலில் சர்க்கரையின்மேல்தான் சந்தேகம். இதற்கு முன்பு காய்ச்சிய ஒரு பிரவுன் ஏலும் இறுதியில் சற்று மிகையாக நுரைத்ததாம். அதனால்தான் இந்தத் தடவை டெக்ஸ்ட்ரோஸை 120 கிராமாகக் குறைத்திருக்கிறார். "குறைத்துப் போட்டும் பொங்குகிறதே" என்றார். அந்தக் குறைப்பே நோயைத் தள்ளிப்போட்டு மறைத்த வைத்தியம்.

கணக்குப் போட்டால் இது தெளிவாகும். பீர் உலகில் கரியமில வாயுவை 'கொள்ளளவு' என்ற அலகில் சொல்வார்கள். ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் வாயு கரைந்திருந்தால் அது ஒரு கொள்ளளவு. 20 டிகிரியில் நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே 0.86 கொள்ளளவு தங்கியிருக்கும். 19 லிட்டருக்கு 120 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் இன்னும் 1.4 அளவுக்குச் சேர்க்கும். மொத்தம் 2.3. பேல் ஏலுக்கு இது மிதமான அளவுதான். சர்க்கரை கூடிப்போனதால் பொங்குவதாக இருந்தால், இரண்டு மூன்று வாரத்தில் பொங்கத் தொடங்கி அதே நிலையில் நின்றுவிடும், ஏனென்றால் போட்ட சர்க்கரை அதற்குள் தீர்ந்துபோகும். இரண்டாம் வாரத்தில் சரியாக இருந்து ஐந்தாம் வாரத்தில் பொங்குகிறது என்றால், சர்க்கரையைத் தவிர வேறெதையோ ஏதோ ஒன்று தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். சர்க்கரை சரியாகக் கலக்காமல் சில பாட்டில்களில் கூடியும் சிலவற்றில் குறைந்தும் போயிருக்கலாம் என்ற வாதமும் இந்த ஒரே காரணத்தால் அடிபட்டுப்போகிறது.

அடுத்து அவர் குறைசொன்னது கிருமிநீக்கியை. அவர் பயன்படுத்தியது ஸ்டார்சான். பாஸ்பாரிக் அமிலமும் டோடெசில்பென்சீன் சல்போனிக் அமிலமும் சேர்ந்த கரைசல் அது. 19 லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 30 மில்லி போதும். இரண்டு நிமிடம் நனைந்திருந்தால் வேலை முடியும், அலசவும் வேண்டாம். பிஎச் அளவு 3-க்குக் கீழே இருக்கும்வரை அதன் திறன் குறையாது. கடினத் தண்ணீரில் கலந்தால் கலங்கிப்போய்ப் பிஎச் மேலே ஏறும். ஆனால் போர்ட்லண்டுக்கு வரும் புல் ரன் ஆற்றுத் தண்ணீர் மிக மென்மையானது. நண்பரின் தெளிப்பானில் இருந்த கரைசல் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. பிஎச் தாளை நனைத்துப் பார்த்தோம், 3-க்கு நன்றாகக் கீழே. மருந்தில் பழுதில்லை.

பாட்டில்கள் காட்டிய வரிசை

மீதமிருந்த பாட்டில்களைக் குளிரவைத்து, ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் சிலவற்றைத் திறந்து அளந்தோம். திறந்த பீரை அப்படியே அளக்கக் கூடாது. வாயுக் குமிழிகள் ஹைட்ரோமீட்டரில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கிவிடும். இரண்டு டம்ளர்களுக்கு இடையே பலமுறை ஆற்றி, வாயு முழுக்கப் போன பிறகு, அறை வெப்பத்தில் அளக்க வேண்டும். டீக்கடையில் டீ ஆற்றுவது போன்ற அந்த வேலை கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஆனால் இந்த ஆய்வின் உயிர்நாடியே அதுதான்.

முதல் பெட்டியில் 1.007. இரண்டாவதில் 1.008. மூன்றாவதில் 1.009. நான்காவதில் 1.010. அடைக்கும்போது எல்லாமே 1.012.

அடர்த்தி 0.001 குறைந்தால் ஏறத்தாழ அரைக் கொள்ளளவு வாயு பிறக்கும். முதல் பெட்டியில் 0.005 குறைந்திருக்கிறது, அதாவது இரண்டரைக் கொள்ளளவு கூடுதல். ஏற்கெனவே உள்ள 2.3-உடன் சேர்ந்து 4.8. சாதாரணப் பீர் பாட்டிலில் 3-க்கு மேல் போவதே நல்லதல்ல. வெடித்ததில் வியப்பில்லை.

சுவையில் ஒன்றைக் கவனித்தோம். புளிப்பு சிறிதும் இல்லை. பீர் மெலிந்து, வறண்டு, தண்ணீராகியிருந்தது. ஹாப்ஸ் மணத்துக்குக் கீழே கிராம்பும் மிளகும் கலந்த ஒரு வாசனை. லேக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா நுழைந்திருந்தால் புளித்திருக்கும். பீடியோகாக்கஸ் என்றால் வெண்ணெய் வாசனையும் சில நேரம் கோழைபோன்ற வழவழப்பும் வந்திருக்கும். காடிக் கிருமியான அசிட்டோபேக்டருக்கு ஆக்சிஜன் வேண்டும், மூடிய பாட்டிலில் அதற்கு வாழ்வில்லை. புளிப்பில்லாத கிராம்பு வாசனையும் வற்றிய உடம்பும் (வாயில் உணரும் கனம்) சேர்ந்தால் விரல் நீளுவது வேறொரு ஈஸ்டை நோக்கித்தான்.

இப்போது வரிசையைப் பாருங்கள். பாட்டில்களில் அழுக்கு இருந்திருந்தால் பாதிப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கும். நொதிக்கும் பாத்திரத்திலோ வாளியின் உட்சுவரிலோ கிருமி இருந்திருந்தால் நான்கு பெட்டிகளும் ஒரே அளவில் கெட்டிருக்கும். இங்கே எல்லாமே கெட்டிருக்கின்றன, ஆனால் முதலில் நிரப்பியவை அதிகமாக, கடைசியில் நிரப்பியவை குறைவாக. வாளிக்கும் பாட்டிலுக்கும் நடுவே ஓரிடத்தில் கிருமி ஒட்டியிருந்து, முதலில் ஓடிய பீர் அதைப் பெருமளவு கழுவிக்கொண்டு போயிருக்கிறது. அந்த வழியில் இருப்பவை இரண்டே பொருள்கள், வாளிக் குழாயும் நிரப்பும் குழலும்.

நிரப்பும் குழலின் நுனியில் இருந்த சுருள்வில்லையும் அடைப்பானையும் கழற்றிப் பார்த்தோம். சுத்தம்.

வாளிக் குழாயை நண்பர் ஒவ்வொரு தடவையும் வாளியிலிருந்து திருகி எடுத்து, ரப்பர் வளையத்தோடு ஸ்டார்சானில் ஊறப்போடுவார். அதற்கு மேல் அது கழலாது என்றே நம்பியிருந்தார். அது ஒரே துண்டு இல்லை. வெளிக்கூடு ஒன்று, அதற்குள் திரும்பும் உருளை ஒன்று. சுடுதண்ணீரில் சில நிமிடம் போட்டு வைத்தால் கூடு இளகிக்கொடுக்கும், மரக் கரண்டியின் காம்பைப் பின்னாலிருந்து வைத்து அழுத்தினால் உருளை 'டக்' என்று வெளியே வரும். வந்தது. உருளையைச் சுற்றி, கூட்டோடு உரசும் இடத்தில், சாம்பலும் பழுப்பும் கலந்த களிம்பு வளையமாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் மெழுகுபோல் வந்தது. பழைய மாவின் நெடி. நண்பர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாருடைய ஈஸ்ட்?

களிம்பு இருந்தது என்பதால் மட்டும் அதுவே காரணம் என்று ஆகிவிடாது. வடிகட்டிய மால்ட் (முளைகட்டிய தானியம்) சாற்றை ஜாடிகளில் ஊற்றிப் பிரஷர் குக்கரில் வேகவைத்து ஆறவிட்டோம். நண்பரிடம் அதே காலத்தில் வாங்கி, அதே அளவுக்குப் புழங்கிய இன்னொரு வாளிக் குழாயும் இருந்தது. அதைக் கழற்றாமல் அவர் வழக்கப்படி ஸ்டார்சானில் ஊறவைத்து, அதன் வழியே சாற்றை ஒரு சுத்தமான ஜாடிக்குள் விட்டோம். முதல் குழாயை முழுவதும் பிரித்து, தேய்த்துக் கழுவி, பிறகு கிருமிநீக்கம் செய்து மறுபடி பொருத்தி, அதன் வழியே இன்னொரு ஜாடிக்கு. மூன்றாவது ஜாடி எதையும் தொடாமல் ஒப்பீட்டுக்காக. மூன்றையும் தளர்வாக மூடி வெதுவெதுப்பான அலமாரியில் வைத்தோம். மூன்றாம் நாள், கழற்றாத குழாய் வழியே சாறு விட்ட ஜாடி கலங்கி நுரை கட்டியது. முகர்ந்தால் அதே கிராம்பு. மற்ற இரண்டும் தெளிவாகவே இருந்தன.

அடுத்த கேள்வி, அந்த ஈஸ்ட் எங்கிருந்து வந்தது என்பது. நண்பரின் குறிப்பேட்டில் விடை இருந்தது. பிரவுன் ஏலுக்கு முன்பு அவர் காய்ச்சியது ஒரு சேசான். பெல்ஜிய நாட்டுப்புற பீர் வகை அது. அவர் போட்ட உலர் ஈஸ்ட் பெல் சேசான். அந்த வாளி, அந்தக் குழாய்கள் எல்லாம் அதற்கும் பயன்பட்டவை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும், ஏனெனில் சேசான் காய்ச்சும் பலருக்கு இது தெரியாது. மால்ட் சாற்றில் உள்ள சர்க்கரை எல்லாவற்றையும் சாதாரண ஏல் ஈஸ்ட் தின்பதில்லை. டெக்ஸ்ட்ரின் எனப்படும் நீளமான மாவுச்சத்துச் சங்கிலிகள் மிஞ்சும். பேல் ஏலுக்கு உடம்பு கொடுப்பது அதுதான், 1.012-இல் ஹைட்ரோமீட்டர் நிற்பதும் அதனால்தான். ஆனால் பல சேசான் ஈஸ்டுகள் டயாஸ்டாட்டிகஸ் என்ற வகையைச் சேர்ந்தவை. எஸ்டிஏ1 என்ற மரபணு அவற்றில் இருக்கிறது. அதைக்கொண்டு குளுக்கோஅமைலேஸ் என்ற நொதியைச் சுரந்து, டெக்ஸ்ட்ரினை வெட்டிக் குளுக்கோஸாக்கித் தின்றுவிடும். சேசானில் இது குணம், அந்த பீரின் வறட்சியே அதன் அழகு. அதே ஈஸ்ட் பேல் ஏல் பாட்டிலுக்குள் சிறிதளவு நுழைந்தாலும் போதும். மெதுவாகப் பெருகி, வாரக்கணக்கில் டெக்ஸ்ட்ரினை அரித்துக்கொண்டே இருக்கும். இரண்டாம் வாரத்தில் ஒன்றும் தெரியாது. ஐந்தாம் வாரத்தில் பொங்கும்.

ஆண்ட்ரூஸ், கில்லிலண்ட் என்ற இருவர் 1952-லேயே இப்படி அளவுமீறி நொதிக்கும் பீரைப் பற்றி எழுதிவிட்டார்கள். அதற்கும் முன்பே, பீரைக் கெடுப்பவை பாக்டீரியா மட்டுமே என்ற எண்ணம் வலுவாக இருந்த காலத்தில், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் இருந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன், காட்டு ஈஸ்டும் பீரைக் கெடுக்கும் என்று காட்டினார். ஒற்றைச் செல்லிலிருந்து வளர்த்த தூய ஈஸ்ட் 1883-இல் அந்த ஆலையில் பயன்பாட்டுக்கு வந்தது அதன் பலன்தான். இன்றைக்கும் வீட்டில் காய்ச்சுபவர்கள் 'தொற்று' என்றாலே புளிப்பை மட்டும் தேடுகிறார்கள். புளிக்கவில்லை என்றால் தொற்றில்லை, சர்க்கரைதான் கூடிவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் டயாஸ்டாட்டிகஸும் நல்ல ஈஸ்டும் ஒன்றுபோலவே தெரியும். எஸ்டிஏ1-ஐத் தேடும் பிசிஆர் சோதனைதான் உறுதியான சான்று. அதை நாங்கள் செய்யவில்லை. ஆனால் வறட்சி, கிராம்பு வாசனை, ஜாடிச் சோதனை, குறிப்பேடு நான்கும் ஒரே பக்கம் கைகாட்டும்போது எனக்கு ஐயமில்லை.

ஊறவைத்த குழாயில் கிருமி எப்படிப் பிழைத்தது? ஸ்டார்சான் தான் தொடும் பரப்பில்தான் வேலை செய்யும். கூட்டுக்கும் உருளைக்கும் நடுவே உள்ள இறுக்கமான இடுக்கில் அது சரியாகப் போகவில்லை. போன இடத்திலும், காய்ந்த புரதமும் ஈஸ்டும் சேர்ந்த படலம் அடியில் உள்ள செல்களைப் போர்த்திப் பாதுகாத்தது. கழுவுவது வேறு, கிருமிநீக்குவது வேறு. அழுக்கை எடுப்பது பிபிடபிள்யூ அல்லது சோடியம் பெர்கார்பனேட் போன்ற காரக் கரைசலும் சுடுதண்ணீரும் தேய்ப்பும்தான். அழுக்குப் போன பிறகே அமிலக் கரைசலுக்கு வேலை. கழற்றாத பொருள் கழுவாத பொருள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஊறவைக்கும்போது குழாயைத் திறந்தும் மூடியும் திருகிவிடுவது உதவும், ஆனால் படிந்துபோன களிம்பை அது எடுக்காது.

கணக்கில் சேராத இரண்டு பாட்டில்கள்

இரண்டாம் பெட்டியிலும் நான்காம் பெட்டியிலும் ஒவ்வொரு பாட்டில் வேறு மாதிரி இருந்தது. இரண்டும் நாக்கைச் சுருக்கும் புளிப்பு. கழுத்தில் பீர் நிற்கும் மட்டத்தில் வெண்மையான ஒரு வளையம். பாட்டிலுக்குள் தொற்று இருப்பதைக் கண்ணால் காட்டும் அடையாளம் அது. இவற்றைப் பார்த்ததும் நண்பர், குற்றமெல்லாம் பாட்டில்கள்மேல் என்று நினைத்தார்.

பீரை ஊற்றிவிட்டுக் கழுவி, விளக்கில் பிடித்துப் பார்த்ததும், இரண்டின் அடிமூலையிலும் காய்ந்துபோன பழைய வண்டல் துணுக்கு தெரிந்தது. ஒரு விருந்தில் குடித்து முடித்தவர்கள் போட்டுவிட்டுப் போன பாட்டில்கள் அவை. அலசாமல் நாட்கணக்கில் கிடந்து காய்ந்தவை. நண்பர் அவற்றைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் கவிழ்த்துவைத்துச் சுடவைத்திருக்கிறார். இயந்திரம் பீய்ச்சும் தண்ணீர் குறுகிய கழுத்துக்குள் ஏறி அடியை எட்டுவதில்லை. வெளிப்பக்கம் பளபளக்கும், உள்ளே வண்டல் அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு, பளபளப்புக்காக ஊற்றும் திரவத்தின் எச்சம் பீரின் நுரையையும் அமுக்கிவிடும்.

ஆக, ஒரே காய்ச்சலில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள். சிதறிக் கிடந்த இரண்டு புளிப்புப் பாட்டில்களை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால், புதுப் பாட்டில்கள் வாங்கிவிட்டுக் குழாயை அப்படியே விட்டிருப்பார். அடுத்த காய்ச்சலும் பொங்கியிருக்கும்.

மாற்றியவை

இரண்டு குழாய்களையும் எறிந்துவிட்டுப் புதிது வாங்கினார். சில டாலர் விலையுள்ள பொருள், அதற்காக யோசிக்கவே கூடாது. வினைல் டியூப்பையும் மாற்றினார். உள்ளே கீறல் விழுந்த பிளாஸ்டிக்கை எவ்வளவு கழுவினாலும் கீறலுக்குள் ஈஸ்ட் ஒளிந்துகொள்ளும். சேசானுக்கென்று வாளி, குழாய், டியூப் எல்லாம் தனி, அவற்றில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறார். புதுக் குழாயை ஒவ்வொரு தடவையும் அடைத்து முடித்த உடனே, களிம்பு காயும் முன்பே, உருளையைப் பிரித்துக் காரக் கரைசலில் ஊறப்போடுகிறார். அடைக்கும் நாளில் மறுபடி பொருத்தி, வாளியில் ஸ்டார்சான் ஊற்றி, குழாய் வழியே நிரப்பும் குழல் வரை ஓடவிட்டு, இரண்டு நிமிடம் நிறுத்திவைக்கிறார்.

பாட்டில்களுக்கு விதி எளிது. குடித்த கையோடு மூன்று முறை வெந்நீர் விட்டு அலச வேண்டும், அடைக்கும் முன் ஒவ்வொன்றையும் விளக்கில் பிடித்துப் பார்க்க வேண்டும். துணுக்குத் தெரிந்தால் பிரஷ். பிரஷுக்கும் போகாவிட்டால் குப்பைத்தொட்டி. பிளீச் போட்டுக் கழுவலாமா என்று பலர் கேட்கிறார்கள். என் கருத்து, வேண்டாம். அதன் மிச்சம் பீரில் உள்ள பீனால்களோடு சேர்ந்து மருந்துப் பிளாஸ்திரி வாசனையைக் கொண்டுவரும். அமிலக் கிருமிநீக்கியோடு தவறிக் கலந்துவிட்டால் குளோரின் வாயுவே கிளம்பும், அது நுரையீரலுக்குக் கேடு.

அடுத்து அதே செய்முறையில் காய்ச்சிய பேல் ஏல் 1.012-இல் நின்றது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பாட்டிலைக் குடிப்பதற்கல்லாமல் சோதனைக்கென்று ஒதுக்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் சற்று வெப்பமான இடத்தில் வைத்தார். பன்னிரண்டாம் வாரத்தில் திறந்து, ஆற்றி, அளந்தோம். நான்கிலும் 1.012. டெக்ஸ்ட்ரோஸை இப்போது 130 கிராமாக உயர்த்திவிட்டார்.